மருந்தும் வேளையும்

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கும். உண்ண வேண்டிய அளவு ஒன்று; உண்ண வேண்டிய வேளை மற்றொன்று. இவற்றுள் அளவினைப் பெரும்பாலோர் அஞ்சிப் போற்றுவர். ஒரு மாத்திரை என்று எழுதியிருக்கும்போது நான்கு மாத்திரைகளை உண்ண எவரும் துணியார். ஆனால், வேளையை அவ்வாறு போற்றுவோர் சிலரே. இரவில் உண்ண வேண்டியதைக் காலையில் உண்டாலும் குற்றமில்லை என்று எண்ணுவோர் உண்டு. நேற்று மறந்ததற்கு ஈடாக இன்று இரு மடங்கு உண்போரும் உண்டு. மருந்து எப்படியும் வயிற்றுக்குள் சென்றுவிட்டது. சென்ற நேரம் எதுவாயின் என்ன என்பது அவர்கள் கருத்து.

இக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை, இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளைக் கொண்டு நன்கு அறியலாம். ஒரே நோய்க்கு வழங்கப்படும் அம்மருந்துகளுள் ஒன்றை மாலையிலோ இரவிலோ உண்ண வேண்டும். மற்றொன்றை நாளின் எந்த வேளையிலும் உண்ணலாம். பிறிதொன்றை இரண்டு கிழமைகளுக்கு ஒரு முறை ஊசியின் வழியாகச் செலுத்தினால் போதும். வேறொன்றோ ஆண்டுக்கு இருமுறையே தேவைப்படும். இவ்வேறுபாடு மருத்துவரின் விருப்பத்தால் அமைந்தது அன்று. மருந்து உடலினுள் புகுந்து, பரவி, மாறி, கழிகின்ற இயல்பினால் அமைந்தது.

கொலஸ்டிரால் என்பது மெழுகு போன்ற ஒரு கொழுப்புப் பொருள். அதனை உடலின் பகை என்று மட்டும் கருதுதல் தவறாகும். உயிரணுக்களின் மெல்லிய சுவர் உறுதியாக அமைவதற்கும், கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்தநீர் உண்டாவதற்கும், உடல் வளர்ச்சிக்குரிய சில ஹார்மோன்கள் சுரப்பதற்கும் அது இன்றியமையாதது. உணவின் வழியாக வருவது அதில் ஒரு பகுதியே. பெரும்பகுதியை உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. அவ்வேலையில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு.

நெய் நீரில் கரையாதது போலக் கொலஸ்டிராலும் இரத்தத்தில் கரைவதில்லை. ஆதலால், அது புரதத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய உருண்டைகளாக இரத்தத்தில் மிதந்து செல்கிறது. அவ்வுருண்டைகளுள் அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம் எனப்படும் வகை அளவுக்கு மிஞ்சினால், தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படியத் தொடங்கும். இப்படிவு ஓராண்டில் நிகழ்வதன்று; பல ஆண்டுகளாக வளர்வது. அக்காலமெல்லாம் நோயாளிக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, களைப்புமில்லை. பின்பு ஒரு நாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, இதயத்திற்குச் செல்லும் வழி அடைபடுகிறது. மாரடைப்பு நேர்கிறது. ஓசையின்றி வளர்ந்து, எச்சரிக்கையின்றித் தாக்கும் இந்நோய்க்கு மருந்து காண அறிஞர் பலர் முயன்றனர்.

அவர்களுள் ஒருவர் ஜப்பான் நாட்டு அகிரா எண்டோ. அவர் அந்நாட்டின் வடபகுதியிலுள்ள அகிட்டா மாநிலத்தில், 1933 ஆம் ஆண்டில், உழவர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே காளான்களிலும் பூஞ்சணங்களிலும் அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. பூஞ்சணத்திலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கின் வரலாறு அவர் உள்ளத்தை ஈர்த்தது. கல்லீரலில் கொலஸ்டிரால் பல படிகளில் உருவாகிறது. அவற்றுள் முதன்மையான ஒரு படியை ஒரு நொதி ஆட்சி செய்கிறது. அந்நொதியைத் தடுக்கும் பொருளைப் பூஞ்சணம் ஏதேனும் சுரக்கக்கூடும் என்று எண்டோ கருதினார். டோக்கியோவில் சான்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் 1971 ஆம் ஆண்டில் தேடலைத் தொடங்கி, ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர் வகைகளை ஒவ்வொன்றாக ஆய்ந்தார். 1973 ஆம் ஆண்டில், கியோட்டோவில் அரிசியின்மேல் வளர்ந்த பூஞ்சணம் ஒன்றில் அவர் தேடிய பொருள் கிடைத்தது. அதற்குக் காம்பாக்டின் என்று பெயரிட்டனர்.

ஆனால், எலிகளுக்கு அதனைக் கொடுத்தபோது அவற்றின் இரத்தக் கொழுப்பு குறையவில்லை. வேறொருவராயின் அம்முயற்சியை அன்றே கைவிட்டிருப்பர். எண்டோ மனந்தளரவில்லை. 1976 ஆம் ஆண்டில் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொழுப்பு நன்கு குறைந்தது. எலியின் கல்லீரல், தடுக்கப்பட்ட நொதியைப் பன்மடங்கு மிகுதியாக ஆக்கி மருந்தை வென்றுவிட்டது என்பது பின்னர் விளங்கியது. ஒரு பொருள் மருந்தாவது அப்பொருளின் தன்மையால் மட்டும் அன்று. அதனை ஏற்கும் உடலின் தன்மையாலும் ஆகும் என்பதை இது காட்டிற்று.

1978 ஆம் ஆண்டில் ஒசாகா நகரில் யமமோட்டோ என்னும் மருத்துவர், பிறவியிலேயே இரத்தக் கொழுப்பு மிக்க 18 வயதுப் பெண்ணொருத்திக்குக் காம்பாக்டினைக் கொடுத்தார். கொழுப்பு குறைந்தது; ஆனால், தசைகள் வலுவிழந்தன. மருந்தை நிறுத்தி, பின்னர் அளவைக் குறைத்து மீண்டும் கொடுத்தார். இம்மருந்தின் வரலாற்றில் முதல் நோயாளியிடத்திலேயே, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்னும் வினாக்கள் எழுந்துவிட்டன. மிகுந்தால் தசைக்குக் கேடு. குறைந்தால் இதயத்திற்குக் கேடு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒற்றையடிப் பாதையில் மருந்து நடந்தாக வேண்டும்.

காம்பாக்டின் விற்பனைக்கு வரவில்லை. அதே இனத்தைச் சேர்ந்த லோவாஸ்டேட்டின் என்னும் மருந்து 1987 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன்பின் சிம்வாஸ்டேட்டின், பிரவாஸ்டேட்டின், அட்டார்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் முதலியன தோன்றின. இவையனைத்தும் ஸ்டேட்டின்கள் எனப்படும். இவை நொதியைத் தடுக்கவே, கல்லீரல் அணுக்களுக்குக் கொலஸ்டிரால் பற்றாமற் போகிறது. உடனே அவ்வணுக்கள் தம் மேற்புறத்தில் ஏற்பிகள் என்னும் பற்றுகைகளை மிகுதியாக அமைத்து, இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இவ்வேற்பிகளைக் கண்டறிந்து கொலஸ்டிராலின் நெறிமுறையை விளக்கிய பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இனி, மாத்திரை ஒன்று விழுங்கப்பட்டபின் நிகழ்வது யாது? முதலில் அது குடலில் கரைந்து, குடற்சுவரின் வழியே உறிஞ்சப்படுகிறது. பின்பு இரத்தத்தின் வழியே பரவுகிறது. கல்லீரலிலுள்ள நொதிகள் அதனைச் சிதைத்து வேறு பொருள்களாக மாற்றுகின்றன. இறுதியில் பித்தநீர் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் அது உடலை விட்டு நீங்குகிறது. ஏற்றல், பரவல், மாறுதல், கழிதல் என்னும் இந்நான்கும் ஒவ்வொரு மருந்துக்கும் உரியனவே. ஆயினும், ஒவ்வொரு மருந்தும் இவ்வழியைக் கடக்கும் விரைவு வேறு.

குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. ஆதலால், விழுங்கிய மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதற்கண்ணிலேயே பற்றிக்கொள்ளலாம். சிம்வாஸ்டேட்டினில் 100 பங்கு உண்டால், செயலாற்றும் வடிவில் பொது இரத்த ஓட்டத்தை அடைவது 5 பங்கினும் குறைவு. வேறு நோய்க்குரிய மருந்தாயின் இது பேரிழப்பாகும். ஸ்டேட்டின்களுக்கோ இஃது ஆக்கமேயாகும். அவை வேலை செய்ய வேண்டிய இடம் கல்லீரல் அன்றோ! தசைகளுக்குச் சென்று தீங்கு செய்ய வேண்டிய பகுதி, வழியிலேயே நின்றுவிடுகிறது.

மருந்து கழிகின்ற விரைவை அளப்பதற்கு அறிஞர் அரையாயுள் என்னும் அளவைக் கொண்டனர். இரத்தத்திலுள்ள மருந்து சரிபாதியாகக் குறைவதற்கு ஆகும் காலமே அதன் அரையாயுள். அடியில் சிறு துளையுள்ள குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். குடம் நிறைந்திருக்கும்போது நீர் விரைந்து ஒழுகும். நீர் குறையக் குறைய ஒழுக்கும் தளரும். உடலிலிருந்து மருந்து கழிவதும் ஏறக்குறைய அத்தகையதே. அரையாயுள் 2 மணி நேரம் உள்ள மருந்தின் உச்ச அளவு 100 எனக் கொண்டால், 2 மணி கழிந்தபின் 50 நிற்கும். 4 மணி கழிந்தபின் 25. 6 மணியில் 12½. 8 மணியில் 6¼. 10 மணியில் 3 பங்கு அளவே எஞ்சும். ஐந்து அரையாயுட்காலம் கடந்தால் மருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது என்றே கொள்ளலாம்.

லோவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின், பிரவாஸ்டேட்டின் ஆகியவை இவ்வாறு விரைந்து கழிவன. அவற்றின் அரையாயுள் சில மணி நேரமே. காலையில் உண்டால், இரவு வருமுன் அவை பெரும்பாலும் நீங்கியிருக்கும். கல்லீரலோ கொலஸ்டிராலை நாள் முழுவதும் ஒரே அளவில் ஆக்குவதில்லை. பகலில் குறைவாகவும் நள்ளிரவை ஒட்டிய மணிகளில் மிகுதியாகவும் ஆக்குகிறது. பகைவன் இரவில் வருவானாயின், காவலன் பகலெல்லாம் விழித்திருந்து இரவில் உறங்குவதால் பயன் யாது? ஆகவேதான் சிம்வாஸ்டேட்டினை மாலையில் உண்ணுமாறு மருத்துவர் கூறுகின்றனர். மாலையில் உண்போரையும் காலையில் உண்போரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மருத்துவ இதழில் வெளிவந்தது. மருந்தும் அளவும் ஒன்றாகவே இருந்தும், காலையில் உண்டவர்களின் இரத்தக் கொழுப்பு மற்றவர்களினும் மிகுந்திருந்தது.

லோவாஸ்டேட்டினுக்கு வேறொரு விதியும் உண்டு. வெறும் வயிற்றில் உண்டால் அது குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. உணவோடு உண்டால் கிடைக்கும் அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. ஆதலால், அதனை மாலை உணவோடு உண்ண வேண்டும். 'உணவுடன்' என்னும் ஒரு சொல்லைப் புறக்கணித்தால் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும் என்பது இதனால் பெறப்படும்.

சில மணி நேரமே நிற்கும் மருந்தை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை உண்ண வேண்டாவோ என்னும் ஐயம் எழலாம். தலைவலி மருந்தாயின், அது கழிந்தவுடன் வலி திரும்பக்கூடும். கொலஸ்டிராலின் நிலை அத்தகையதன்று. இரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகள் நாட்கணக்கில் அங்கே தங்குபவை. இரவில் நொதி தடைப்பட்டதனால் கல்லீரல் அமைத்த ஏற்பிகளும் மருந்து கழிந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. ஆதலால், வேலை மிகுந்த வேளையில் ஒருமுறை தடுத்தால், அதன் பயன் நாள் முழுவதும் தொடர்கிறது.

அட்டார்வாஸ்டேட்டின் வேறு இயல்புடையது. அதன் அரையாயுள் ஏறத்தாழ 14 மணி நேரம். கல்லீரல் அதனை மாற்றும்போது தோன்றும் பொருள்களும் நொதியைத் தடுக்கும் ஆற்றல் உடையவை. ஆகையால், அதன் செயல் அரையாயுளினும் நீண்டு நிற்கிறது. ரோசுவாஸ்டேட்டினின் அரையாயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். இவ்விரண்டையும் காலையில் உண்டாலும் இரவிலும் அவை காவல் காக்கும். ஆதலால், இவற்றிற்கு வேளைக் கட்டுப்பாடு இல்லை. எனினும், நாள்தோறும் ஒரே வேளையில் உண்பது மறதியைத் தவிர்க்கும்.

நீண்ட காலம் தங்கும் மருந்தை நாள்தோறும் உண்டால், அது உடலில் குவிந்து நஞ்சாகிவிடாதோ? இதற்குக் கணக்கே விடை தரும். ரோசுவாஸ்டேட்டினை நாள்தோறும் 100 பங்கு உண்பதாகக் கொள்க. 24 மணி கழிந்தபின் அதில் 42 பங்கு எஞ்சும். மறுநாள் உண்ட 100 பங்கும் சேர்ந்து 142 ஆகும். அது அடுத்த நாளுக்குள் 59 ஆகக் குறையும். மூன்றாம் நாள் 159. அது 66 ஆகும். நான்காம் நாள் 166. அது 69 ஆகும். இவ்வாறு ஏற்றம் வரவரச் சிறுத்து, 171 பங்கிற்கு அருகில் நின்றுவிடும். அந்நிலையில், நாள்தோறும் வருவது 100, கழிவதும் 100. துளையுள்ள குடத்தில் ஒரே அளவாக நீரை ஊற்றிக்கொண்டிருந்தால், ஓரளவுக்குமேல் நீர்மட்டம் உயராது நிற்பது போன்றது இது. மருத்துவர் குறிக்கும் அளவு, இந்நிலைத்த மட்டத்தை எண்ணிக் குறித்ததே. நேற்று மறந்ததற்காக இன்று இரு மடங்கு உண்பவர் அம்மட்டத்தைக் கலைத்துவிடுகிறார்.

குடத்தின் துளை அடைபட்டால் என்னாகும்? ஊற்றும் நீரின் அளவு மாறாவிடினும் குடம் நிரம்பி வழியும். பம்பளிமாசின் இனத்தைச் சேர்ந்த கிரேப்புரூட் என்னும் பழத்தின் சாறு, சிம்வாஸ்டேட்டினைச் சிதைக்கும் நொதியைக் குடற்சுவரில் முடக்கிவிடுகிறது. சில மருந்துகளும் இவ்வாறே பிற மருந்துகள் கழியும் வழியை அடைக்கின்றன. செரிவாஸ்டேட்டின் என்னும் மருந்தை உண்டவர்களுள் சிலருக்குத் தசைகள் அழிந்து, உயிரிழப்பும் நேர்ந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஜெம்பைப்ரோசில் என்னும் மற்றொரு மருந்தையும் சேர்த்து உண்டவர்களிடையே இத்தீங்கு மிகுந்திருந்தது. அது செரிவாஸ்டேட்டின் கழிவதைத் தடுத்தமையே காரணம். செரிவாஸ்டேட்டின் 2001 ஆம் ஆண்டில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆதலால், ஒரு மருத்துவரிடம் செல்வோர் தாம் உண்ணும் பிற மருந்துகளையெல்லாம் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

மாத்திரைகளால் போதிய பயன் பெறாதவர்க்கு உதவும் ஊசி மருந்துகள் 2015 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தன. கல்லீரலின் ஏற்பிகளை அழிக்கும் ஒரு புரதம் இரத்தத்தில் உண்டு. எவலோகுமாப் என்னும் மருந்து அப்புரதத்தைப் பற்றி முடக்குகிறது. ஏற்பிகள் பிழைத்து நெடுநாள் உழைக்கின்றன. இம்மருந்தும் ஒரு பெரிய புரதமே. விழுங்கினால் உணவைப் போலச் செரித்துவிடும். எனவே, தோலின்கீழ்ச் செலுத்தப்படுகிறது. உடலிலிருந்து மிக மெல்லக் கழிவதால் அதன் அரையாயுள் 11 முதல் 17 நாட்கள். இரண்டு கிழமைகளுக்கு ஒரு முறையாயின் 140 மில்லிகிராம் போதும். திங்களுக்கு ஒரு முறையாயின் 420 மில்லிகிராம் வேண்டும். இடைவெளி இரு மடங்காகும்போது அளவு மும்மடங்காகிறது. நெடும்பயணத்திற்குக் கட்டுச்சோறு மிகுதியாக வேண்டுவது போல, காலம் நீளுந்தோறும் இடையிற் கழிவதற்கும் ஈடு செய்ய வேண்டியுள்ளது.

இவையெல்லாவற்றினும் வியப்புக்குரியது இன்கிளிசிரான் என்னும் மருந்து. ஐரோப்பாவில் 2020 ஆம் ஆண்டில் அது ஒப்புதல் பெற்றது. இரத்தத்தில் அதன் அரையாயுள் ஏறத்தாழ 9 மணி நேரமே. இரண்டு நாட்களில் அது இரத்தத்திலிருந்து முற்றும் மறைந்துவிடுகிறது. ஆயினும், முதல் ஊசிக்குப்பின் மூன்றாம் திங்களில் ஒரு முறையும், அதன்பின் ஆறு திங்களுக்கு ஒரு முறையுமே அதனைச் செலுத்துகின்றனர். காரணம், இரத்தத்தை விட்டு நீங்கிய மருந்து கல்லீரல் அணுக்களினுள் புகுந்து தங்கிவிடுகிறது. அங்கே, ஏற்பிகளை அழிக்கும் புரதத்தை ஆக்குமாறு வரும் கட்டளையை அது திங்கட்கணக்கில் வெட்டி வீழ்த்துகிறது. மருந்து இரத்தத்தில் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதோடு, வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு காலம் செயற்படுகிறது என்பதையும் அறிந்தே இடைவெளியை வகுக்க வேண்டும் என்னும் உண்மை இதனால் நன்கு புலனாகும்.

இவ்வாறு வகுத்த முறைப்படி மருந்தை உண்பதனால் விளையும் பயன் சிறிதன்று. வட ஐரோப்பிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேரை ஐந்தாண்டுகளுக்கு மேலாக ஆய்ந்தனர். அவர்களுள் ஒரு பாதியினர் சிம்வாஸ்டேட்டினை உண்டனர். மறுபாதியினர் மருந்தில்லாப் போலி மாத்திரையை உண்டனர். மருந்து உண்டவர்களிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது என்பது 1994 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அரிசிப் பூஞ்சணத்தில் தொடங்கிய தேடல் எண்ணற்ற குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. 2024 ஆம் ஆண்டில் தம் 90 ஆம் வயதில் மறைந்த எண்டோ, அப்பயனைக் கண்ணாரக் கண்டவர்.

ஆயினும், எவ்வளவு அரிய மருந்தும் பேழைக்குள் இருந்து பயன் தராது. வலியில்லாத நோய்க்கு மருந்துண்பவர், நலமாகத்தானே இருக்கிறோம் என்று எண்ணி இடையில் நிறுத்திவிடுதல் எளிது. நிறுத்திய மறுநாள் ஒன்றும் நேர்வதில்லை. அதனாலேயே தவறு வளர்கிறது. சில கிழமைகளில் கொழுப்பு பழைய நிலைக்குத் திரும்பி, தமனியில் படியும் தன் வேலையை ஓசையின்றி மீண்டும் தொடங்கிவிடும். ஒரு வேளை மறந்தால், மறுவேளைக்குரியதை மட்டும் உண்டு, முறையைத் தொடர்தலே அறிவுடைமை. மாற்றம் வேண்டுமாயின், அதனை மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.

பருவம் அறிந்து விதைப்பவனுக்கே நிலம் பயன் தருகிறது. மருந்தும் அத்தகையதே. சீட்டில் காணும் 'இரவில் ஒன்று' என்னும் சிறு தொடருக்குப் பின்னால், மருந்தின் அரையாயுளும் கல்லீரலின் இராக்கால உழைப்பும் அறிஞர் பலரின் பல்லாண்டு ஆராய்ச்சியும் மறைந்து நிற்கின்றன. அதனை உணர்ந்து, அளவைப் போலவே வேளையையும் போற்றுவோர் மருந்தின் முழுப்பயனையும் பெறுவர்.